கோணி லோரோங் வளைவு

"இந்த விளக்குமாத்துக்கு இருக்கிற ரோஷங்கூட சில மனுஷங்களுக்குக் கிடையாது" என்று கமலவேணி தன் விளக்குமாற்றிடம் சொன்னாள்.

எதிர்வீட்டு வாசலில் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கிளீட்டஸ் ஒரு செம்பருத்திச் செடியைப் பார்த்துப் பதில் சொன்னார். "நீ காதுல போட்டுக்காதடி செம்பருத்தி. வயிறு காலியா இருந்தா சில பேருக்குக் காலையில வாய் இப்படித்தான் ஓடும்."

இருவரும் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் பேச்சு நின்ற நாள் கிடையாது. அவள் விளக்குமாற்றிடமும் துவைக்கிற துணியிடமும் பேசுவாள். அவர் சட்டிகளிடம் பேசுவார். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலம்தான் இருந்தது. ஆகவே ஒரு சொல்கூட வீணாகாது.

தெங்கேராவில் கடைவீதிக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற சந்துதான் கோணி லோரோங். கைப்பேசியில் தேடினால் கிடைக்காது. அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, சட்டிபானையோடு வந்து இறங்கிய ஜனங்கள் அரிசிக் கிடங்குகளுக்குக் கிழிந்த கோணி தைத்துப் பிழைத்த இடம். வாசலுக்கு வாசல் கோணி குவிந்திருக்கும். பெண்கள் கையில் கோணி ஊசி. மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி உள்ளே வந்து, நின்று, சாவகாசமாகத் திரும்பிப் போகும். லோரோங்கின் பின்முனையில் கடல்.

பிறகு பிளாஸ்டிக் சாக்கு வந்தது. கடலை மண் கொட்டி மூடினார்கள். கடல் இருந்த இடத்தில் ஓட்டல் மதில் எழும்பி, பின்பக்க வழி அடைந்தது. முன்பக்கத்துக் கடைகளில் ஒன்று வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியானது. இன்னொன்றில் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, கூட்டை எடுத்து விற்கக் கூட்டுக்குருவி வளர்க்கிறார்கள். குருவிகளை வரவழைக்க விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம்.

"குருவிய வா வாங்கிறான், மனுஷன போ போங்கிறான்" என்பார் கமலவேணியின் கணவர் ராமையா.

ஆனால் லோரோங்கை வெளியாள்தான் கெடுத்தான் என்று சொன்னால் அது பொய். ஒரு குடும்பம் குருபோங் அடுக்குமாடிக்கு மாறிப் போனால், பக்கத்து வீட்டுக்காரன் அன்றைக்கே வேலியை ஓர் அடி தள்ளிப் போடுவான். எதிர்வீட்டுக்காரன் மறுநாள் ஓர் அடி தள்ளுவான். "நான் எடுக்கலன்னா அவன் எடுப்பான்லா" என்பதுதான் எல்லார் நியாயமும். இப்படி மாட்டுவண்டி போன வழியில் மோட்டார் சைக்கிள் போனது. பிறகு அதையும் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. கடைசியில் கோணி லோரோங்கில் மிஞ்சிய குடும்பங்கள் இரண்டு. உள்ளே போகும் வழி மிகவும் குறுகி வளைகிற இடத்தில் எதிரும் புதிருமாக அவர்கள் வீடு.

அந்த வளைவைக் குறுக்கியதும் அந்த இரண்டு வீடுகள்தான். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் ராமையா தன் வாசலுக்கு வெளியே செங்கல் மேடை கட்டி, கூரை போட்டு, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த அம்மன் கல்லை அதில் வைத்துவிட்டார். கிளீட்டஸ் புகார் கொடுத்தார். நகராட்சி மஜ்லிஸ் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கல்லில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சை மாலை, முன்னால் எரிகிற சூடம்.

"இது சாமிலா. நான் தொட மாட்டேன்" என்றார் வந்தவர்களில் மூத்தவர். போய்விட்டார்கள்.

கிளீட்டஸ் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த மாதம் எதிர்ப்பக்கத்தில் ஒரு மாதா கெபி எழும்பியது. கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய குகை, நீலச் சாயம், உள்ளே கைகூப்பிய மாதா. இப்போது ராமையா புகார் கொடுத்தார். அதே ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நின்றது முகம் பார்த்த பேச்சு.

வழி எவ்வளவு குறுகிவிட்டது என்பது கருப்பாயி செத்த அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த இரண்டு வீட்டைத் தவிர, உள்முனையில் தனியாக மிஞ்சியிருந்தவள். சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வளைவில் நின்றுவிட்டார்கள். முன்னால் போனால் கெபி இடித்தது, பின்னால் இழுத்தால் அம்மன் மேடை இடித்தது.

"நிமித்துலா" என்றார் பெட்டிக்காரர்.

பெட்டியை நட்டமாக நிறுத்தி, பீரோவை நகர்த்துவது போல வளைவில் திருப்பினார்கள். உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். கருப்பாயி பெட்டிக்குள் கால்பக்கமாகச் சரிந்த சத்தம் அது.

ராமையா அதை வாசலில் நின்று பார்த்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் பேச்சும் இழுத்துக்கொண்டது அதற்கு அடுத்த வருஷம். கட்டிலில் கிடந்தபடி அவர் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான்.

"கமலா. என்னை நிக்க வெச்சுக் கொண்டு போவாத."

"யாரும் உங்கள எங்கயும் கொண்டு போவல. கஞ்சியக் குடிங்க."

"படுக்க வெச்சு. கால் முன்னால. சொல்லு."

"சரிங்க. படுக்க வெச்சுத்தான்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அவள் விளக்குமாறு ஒரே விஷயத்தைத்தான் பேசியது.

"ஒரு மனுஷன் கெடையில கெடக்கிறார். எதிர்ல இருக்கிறவங்க அந்தக் குகையக் கொஞ்சம் பின்னால தள்ளிக் கட்டினா மாதா கோவிச்சுக்குவாங்களா? அவங்களும் ஒரு புள்ளைய சாகக் குடுத்தவங்கதான?"

"செம்பருத்தி, கேட்டியா?" என்றார் கிளீட்டஸ். "மாதா எடத்த விட்டு நவுரணுமாம். அம்மன் நவுர மாட்டாங்களாம். அம்மன் என்ன கெவர்மெண்டு ஆபீசரா?"

"அம்மன் முதல்ல வந்தவங்கன்னு சொல்லு."

"முதல்ல வந்தது திருட்டுத்தனம்னு சொல்லுடி."

மகன் திவாகர் குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவான்.

"அவரு அசைய மாட்டாருமா. நம்ம மேடைய நாமளே எடுத்துட்டு அம்மன உள்ள வெச்சிடலாம். ஒரு நாள் வேலை."

"என்னான்னு சொல்லி எடுக்கிறது? தாயே, என் புருஷன் சாகப் போறார், பெட்டி திரும்ப எடம் வேணும், எழும்புன்னா? காப்பாத்துன்னு கேக்கிற வாயால அதையும் கேக்கவா?"

"அப்ப குருபோங்குக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"நாலாவது மாடிக்கா? உன் லிஃப்டுலயும் நிக்க வெச்சுத்தான்டா எறக்குவான்."

மேடை இருந்தது. கெபியும் இருந்தது. தன் நெஞ்சழுத்தத்துக்கு முன்னால் கிளீட்டஸின் நெஞ்சழுத்தம் இளகும் என்று கமலவேணி காத்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒலிபெருக்கிக் குருவிகள் கத்திக்கொண்டிருக்கும்போதே ராமையா போய்விட்டார்.

அந்த நிமிஷத்தில் வீட்டில் தீட்டு விழுந்தது. திவாகர் மேடைத் திரையை இழுத்து மூடினான். விளக்கை அணைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த வீட்டு ரத்தம் எதுவும் அம்மனைத் தொடக் கூடாது. கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றுவரை அவள் கையால் எடுத்திருக்கலாம். இன்று அவள் கைக்கு அந்த உரிமை இல்லை.

மறுநாள் காலை பழைய லோரோங் ஜனம் எல்லாம் வந்து சேர்ந்தது. பெட்டிக்காரர் வளைவுக்கு வந்து, அளந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"தெரிஞ்ச எடந்தான் ஆண்டி. நிமித்தித்தான் ஆகணும்."

"நிமித்தக் கூடாது."

"பாடிய மட்டும் துணியில தூக்கிட்டுப் போயி, ரோட்டுல பெட்டியில வெச்சிக்கலாமே?"

"ரோட்டுல கொட்டி அடுக்குறதுக்கு அவர் என்னா மீன் கூடையா? விடுதிக்காரன் நின்னு படம் புடிப்பான்."

அவள் காளிமுத்துவைப் பார்த்தாள். ராமையாவோடு லாரி ஓட்டியவர், சொந்தம் இல்லை, ஆகவே தீட்டும் இல்லை.

"அண்ணே, நீங்க குளிச்சிட்டு வந்து அம்மன எடுத்து வெச்சிட்டு மேடைய உடைங்க."

காளிமுத்து இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி மேடையில சுத்தியல் போடுறதா? தங்கச்சி, எனக்கு மூணு பேரப் புள்ளைங்க இருக்கு. வேற என்ன வேணாலும் கேளு."

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். எந்த அதிகாரியும் தொடப் பயப்படட்டும் என்று ராமையா வைத்த சாமி. இப்போது அவருடைய ஆட்களே தொடப் பயந்தார்கள்.

கமலவேணி படியிறங்கி எதிர்வாசலுக்குப் போனாள்.

"கிளீட்டஸ்."

அவர் பூச்சட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரு பேசுறது? விளக்குமாறா?"

"நான்தான்."

"கையில விளக்குமாறு இல்லையே."

"இருந்தா பேசியிருக்க மாட்டேன். வேற செஞ்சிருப்பேன்." அவள் தன் வீட்டைக் காட்டினாள். "உள்ள கெடக்கிறவர நிக்க வெச்சுக் கொண்டு போவக் கூடாது. என் மேடைய உடைக்கணும். எங்களுக்குத் தீட்டு. மத்தவனுங்களுக்குப் பயம். நீ உடை."

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா?"

"உனக்கு ஏன் பயம்? இத்தன வருஷமா கல்லு கல்லுன்னு சொன்னியே."

"இப்பக் கல்லுன்னு ஒத்துக்கிறியா?"

"உனக்குக் கல்லு, எனக்கு அம்மன். நீ உன் கல்லத் தூக்கு."

கிளீட்டஸ் எழுந்து நின்றார். வயதானவர், ஆனால் குரலில் வயது இல்லை. கூட்டத்துக்குக் கேட்கும்படிச் சொன்னார்.

"தூக்கறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இந்த லோரோங்ல முதல்ல கை வெச்சது ராமையாதான்னு சொல்லு. ராமையா தப்புப் பண்ணினான்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டுப் படுக்க வெச்சுக் கொண்டு போ."

உள்ளே ராமையா கட்டிலில் கிடந்தார், தலைமாட்டில் விளக்கோடு. ஒரு வார்த்தை போதும், அவர் படுத்தபடி போய்விடுவார். கமலவேணி திரும்பி ஒருமுறை வாசலைப் பார்த்தாள். கிளீட்டஸின் மகள் ஜோனிட்டா கதவிடுக்கில் நின்று, "டேடி, போதும் டேடி" என்றாள். அவர் கேட்கவில்லை.

"பொணத்த வெச்சிக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் கமலவேணி. "அவர் எடுத்தார். திருட்டுத்தனமாத்தான் எடுத்தார். ஆனா அவரு ரெண்டாவது. முதல்ல வந்தது உன் கோழிக்கூண்டு."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"கோழிக்கூண்டு ஓர் அடிகூட இல்லலா!"

"ஓர் அடிதான்."

"அது நாலு கோழி!"

"ஆறு கோழி" என்றார் காளிமுத்து, அவரையும் அறியாமல். "நான் ஒண்ண வாங்கித் தின்னிருக்கேன்."

கிளீட்டஸ் எல்லாரையும் ஒரு சுற்று முறைத்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கமலவேணி வளைவிலேயே நின்றாள். பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சுடலைக்கு நேரம் சொல்லியாகிவிட்டது. "ஆண்டி" என்று மெல்ல ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தினாள், பேசாதே என்று.

கதவு திறந்தது. கிளீட்டஸ் கையில் ஒரு பெரிய சுத்தியல். எண்ணெய் போட்டு வைத்த சுத்தியல், பிடிகூடப் பளபளத்தது.

"எத்தன வருஷமா இத வெச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். ராத்திரியில நீ அதத் தொடைக்கிறத நான் பாத்திருக்கேன்."

அவர் மேடைக்கு முன்னால் வந்து திரையை விலக்கினார்.

"டேடி, செருப்பு."

"கல்லுக்கு எதுக்கு செருப்பக் கழட்டணும்?" என்று கேட்டபடியே கழற்றி உதறினார். "இப்ப என்னா செய்யணும்?"

"கும்பிடு" என்றாள் கமலவேணி, எட்டி நின்று.

"கும்பிட மாட்டேன்."

"கும்பிடாத. உத்தரவு கேளு. தாயே எழும்புன்னு சொல்லு."

கிளீட்டஸ் தன் கெபியைத் திரும்பிப் பார்த்தார். மாதா கைகூப்பிக்கொண்டு நின்றார். கிளீட்டஸ் குரலைத் தாழ்த்திக் கல்லிடம் சொன்னார். "அம்மா, எழும்புங்க. இவங்க சண்டைக்கு நீங்க ஏன் வெயில்ல நிக்கணும்?"

கல் சின்னதுதான், ஆனால் தோட்டத்துப் பாறை. மார்போடு அணைத்துத் தூக்கியபோது அவர் முகம் சிவந்தது. சட்டையெல்லாம் குங்குமம்.

"எங்க வைக்க?"

"உன் வீட்டுல. இந்த லோரோங்ல தீட்டு இல்லாத வீடு அது ஒண்ணுதான். தரையில வைக்காத."

"என் தலையிலயா வைப்பேன்?"

உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "வாஷிங் மெஷின் மேல வெச்சிருக்கேன்!"

"அத ஓட விடாத!"

"பதினாறு நாளும் துணி துவைக்காம இருக்கவா?"

"கையால தோய். இளைச்சா போயிடுவ?"

பிறகு அவர் வந்து சுத்தியலை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் கூட்டம் பின்வாங்கியது. காளிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கிளீட்டஸ் நிற்கவில்லை. கூரை விழுந்தது, செங்கல் சரிந்தது, ராமையா கையால் பூசிய மஞ்சள் சுவர் தூளானது. ஒவ்வோர் அடிக்கும் அவர் ஏதோ முனகினார். ஜெபமா வசையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"போதும்!" என்று கத்தினாள் கமலவேணி.

"பெட்டி திரும்பணும்ல? பாதியில விட்டா மறுபடியும் என்னத்தான் கூப்பிடுவ." அடித்தளம் தெரிகிறவரை உடைத்தார். உடைத்துவிட்டுக் கெபியின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஜோனிட்டா தண்ணீர் கொடுத்தாள்.

பெண்கள் கோடி போட்டு முடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியைத் தூக்கினார்கள், கால் முன்னால். வளைவுக்கு வந்தார்கள். பெட்டியின் தலைப்பக்கம் மேடை இருந்த வெற்றிடத்துக்குள் போனது, கால்பக்கம் மெதுவாகத் திரும்பியது. ஒரு மூலை மட்டும் கெபியை உரசிக்கொண்டு போனது. கமலவேணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். உள்ளே தொம்மென்ற சத்தம் வரவில்லை. ராமையா படுத்தபடியே தெருவுக்குப் போனார்.

அப்போதுதான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

"என் பெயிண்டு போச்சு" என்றார் கிளீட்டஸ், நீலச் சுவரில் விழுந்த கீறலைத் தடவிக்கொண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தலை முழுகி, கமலவேணி திவாகரோடு எதிர்வீட்டுக்குப் போனாள். வாஷிங் மெஷின் மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் அம்மன் இருந்தது. குசினி முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது.

"கைத் தோலெல்லாம் போச்சு ஆண்டி" என்று ஜோனிட்டா உள்ளங்கையைக் காட்டினாள். "டேடி அந்தப் பட்டனத் தொடவே விடல."

"மெஷின் ஆடி, கல்லு விழுந்து, ஒடஞ்சி போனா அப்புறம் யாரு உங்கிட்டப் பேச்சு வாங்குறது?" என்றார் கிளீட்டஸ்.

திவாகர் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். உடைந்த செங்கல் இன்னும் ஓரமாகக் குவிந்திருந்தது. "எங்க வைக்கிறதுமா? கொத்தனார வரச் சொல்லவா?"

கிளீட்டஸ் சட்டிகளின் பக்கம் திரும்பினார். "கட்டுவாங்கடி செம்பருத்தி. கட்டாம இருப்பாங்களா? ராமையா எடமாச்சே."

"செம்பருத்திகிட்டப் பேசாத. என்கிட்டப் பேசு" என்றாள் கமலவேணி. "உனக்கு இப்ப என்னா வயசு?"

"எதுக்கு?"

"நீ போன பொறவு கட்டுறேன்."

"நான்தான் முன்னால போவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான் முன்னால போனாலும் எனக்கும் வழி வேணும்ல? உன்னக் கூப்பிட்டு இன்னொரு தடவை உடைக்கச் சொல்ல முடியுமா? உனக்கு மூச்சு வாங்குது." அவள் திவாகரிடம் திரும்பினாள். "அம்மன உள்ள ஹால்ல வைடா." மறுபடி கிளீட்டஸைப் பார்த்தாள். "ஒண்ணு சொல்லிட்டேன். அதுவரைக்கும் இந்த எடத்துல ஒரு சட்டிய வெச்ச, உடைப்பேன்."

"யாருக்கு வேணும் உன் எடம்?"

மறுநாள் விடிந்தது. ஒலிபெருக்கியில் குருவிகள் கத்த ஆரம்பித்தன. கமலவேணி விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்தாள். மேடை இருந்த இடத்தில், சுவரோரமாக, யார் கண்ணிலும் படாது என்கிற மாதிரி ஒரு செம்பருத்திச் சட்டி உட்கார்ந்திருந்தது.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, லோரோங்கின் நடுவில் போட்டு உடைத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "ஏய்! அது ஓர் அடிகூட இல்லலா!"

"ஓர் அடிதான்" என்றாள் கமலவேணி. விளக்குமாற்றை எடுத்து, மண்ணையும் உடைந்த சட்டித் துண்டுகளையும் அவர் வாசல் பக்கமாகப் பெருக்கித் தள்ளினாள்.